விதை ஊன்றுவோர் கவனத்துக்கு: பனையேறிய என் தாத்தாவைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், குளக்கரை ஒன்றில் பள்ளி மாணவர்களும் அலுவலர்களும் பனைவிதை ஊன்றிய செய்தி படத்துடன் வெளியாகியிருந்தது. நல்ல செய்தி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து ஏதுமில்லை. ஆனால் விதையைச் சேகரித்துக் கொடுத்தவர், ஊன்றியவர், விழாவுக்குத் தலைமை தாங்கியவர் என எல்லோருடைய பெயரும் அச்செய்தியில் இருக்க, அந்த விதை முளைத்து மரமாகி நிற்கும் காலத்தில் அதில் ஏறி, பதநீர் சுரக்கும் பூங்குலையான பாளையைச் சீவப்போகிறவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த வேலையிலேயே கழித்து, தொண்ணூறைக் கடந்து வாழ்ந்து மறைந்த என் தாத்தாவைப் பற்றி எழுதினால் அந்தக் குறை சிறிதேனும் தீரும் என்று எண்ணி இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். அவரும் சுருக்கமாகப் பேசத் தெரிந்தவர் அல்லர்.

தங்களுக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாத்தா, மறந்துபோன எழுத்தை மீட்டுக்கொண்டது உடன்குடிக் கடைத்தெருவின் தேநீர்க்கடை நாளிதழ்களில்தான். கண்புரை அறுவைக்குப் பின் எழுத்து தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் வீட்டுக்கே நாளிதழ் வரவழைத்துக்கொண்டார். அதைப் பிரித்தவுடன் தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார். வாசகர் கடிதங்கள் எந்தப் பக்கம் என்று தேடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "மத்ததெல்லாம் சம்பளத்துக்கு எழுதுறது, இது ஒண்ணுதான் ஆத்திரத்துக்கு எழுதுறது" என்றார். அந்தப் பகுதியில் அவரைப் பற்றியே ஒரு கடிதம் வருமானால், அதில் என்னென்ன பொய் இருக்கிறது என்று திண்ணையில் அமர்ந்து ஊருக்கே வாசித்துக் காட்டியிருப்பார். ஆகவே பொய் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், குதிரைமொழித் தேரியின் விளிம்பில் இருக்கிறது. தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. மழை பெய்தால் நீர் நிற்காது. நெல்லைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பனையும் உடைமரமும் தாமாக நிற்கும் அந்த மண்ணில், எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பனையை நம்பியே அடுப்பு எரிந்திருக்கிறது. தாத்தாவுக்குச் சொந்தமாக இருந்த மரங்கள் சில. மீதமெல்லாம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, எடுத்தவை. ஒரு நாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுகிறவருக்கு என்பது அவர் காலத்து ஏற்பாடு. "மரக்காரருக்குரிய நாள்லதான் பாளை நல்லாச் சுரக்கும், அதுக்கும் ஆள் பார்க்கத் தெரியும்" என்று பனைமரத்தின் மீது நிரந்தரமாக ஒரு குற்றச்சாட்டை வைத்திருந்தார்.

பனையேற்றம் என்றால் மரத்தில் ஏறி இறங்குவது என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். ஏறுவது அதில் எளிய பகுதி. மாசியில் பாளை தள்ளத் தொடங்கியதும், காய்ந்த மட்டைகளைக் கழித்து மரத்தை ஒழுங்குசெய்ய வேண்டும். பிறகு பாளையை இடுக்கியால் நாள்தோறும் பதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். ஆண்பனையின் பூக்கதிரான அலகுக்கு ஒரு வகை இடுக்கி, பெண்பனையின் பாளைக்கு வேறு வகை. நசுக்குவது குறைந்தால் நீர் சுரக்காது, கூடினால் பாளை செத்துவிடும். அதன்பின் நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். சீவுவதும் காகிதத் தடிமனுக்குத்தான். கூடுதலாகச் சீவினால் பருவம் முடிவதற்குள் பாளை முடிந்துபோகும். ஒருநாள் சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி முடியும் வரை பனையேறிக்கு விடுப்பு என்பதே கிடையாது. காய்ச்சலோ கல்யாணமோ, எதுவானாலும் இரண்டு ஏற்றத்துக்கு நடுவில்தான். தம் திருமணமே அப்படித்தான் நடந்தது என்று தாத்தா சொல்வார். பங்குனியில் நாள் குறித்தவர்கள் மேல் கடைசிவரை அவருக்குக் கோபம் இருந்தது. தாலி கட்டிய கையோடு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மாலை ஏற்றத்துக்குப் போனாராம். ஆச்சி இதை மறுப்பார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்பார்.

விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்துவிடுவார். அரிவாள் பெட்டி இடுப்பில், ஏறும்போது காலில் மாட்டும் தளைநார் தோளில், முருக்குத்தடி கையில். அடிமரத்தில் தடியைச் சாய்த்து அதன்மேல் கால் வைத்து, அங்கிருந்து மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார். பல பத்தாண்டுகள் அப்படி அணைத்ததில் நெஞ்சின் நடுவிலும் முன்கையின் உட்புறத்திலும் தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. பருவ உச்சத்தில் முப்பத்தைந்து மரம், நாளுக்கு இரண்டு ஏற்றம், மரத்துக்கு ஐம்பது அடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 3,500 அடி ஏறி அவ்வளவையும் இறங்கியிருக்கிறார். கணக்கு ஆசிரியரான என் தந்தை இதைப் பெருக்கிப் பார்த்து, "கொடைக்கானல் உயரத்துல பாதி, தினமும் ஏறியிருக்கீங்க" என்று வியந்து சொன்னபோது தாத்தா சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாதி கொடைக்கானல் போனவனுக்கு ஒருநாள்கூடக் குளிரலையே, உன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாரு" என்றார்.

மரத்தின் உச்சி அவருக்குக் காட்சி மாடம். யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் நிற்கிறது, எந்தப் பேருந்திலிருந்து எந்த வீட்டு மாப்பிள்ளை இறங்குகிறார், கையில் பலகாரப் பொட்டலம் இருக்கிறதா, வெறுங்கையா என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் அதில் ஓர் ஒழுக்கம் இருந்தது. வீடுகளை ஒட்டிய மரத்தில் ஏறுவதற்கு முன் அடியில் நின்று தடியால் மரத்தைத் தட்டி, "ஏறுதேன், ஏறுதேன்" என்று இரண்டு முறை உரக்கக் குரல் கொடுப்பார். கொல்லையில் குளிக்கும் பெண்கள் உள்ளே போக அவகாசம் விட்டு, பிறகே தளையில் காலை நுழைப்பார். மேலே கண்டதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. ஆட்டைப் பற்றிச் சொல்வார். மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வார். கணவன் மனைவி சண்டையைப் பற்றி எவ்வளவு துருவினாலும், "அங்கிட்டு மட்டை மறைச்சிட்டு" என்று முடித்துக்கொள்வார்.

இக்கடிதம் கள்ளைப் பற்றியது அன்று. அந்த வழக்கில் எனக்குக் கருத்து இருந்தாலும் இங்கே இடமில்லை. எனினும் அதைத் தொடாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு பூச்சு. 1987 தொடக்கத்திலிருந்து மாநிலத்தில் கள் இறக்கத் தடை இருப்பதால், பதநீர் மட்டுமே இறக்குகிறவரும் காக்கியைக் கண்டால் கையைக் கட்டி நிற்க வேண்டியதாயிற்று. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழி எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. ஒருமுறை, ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு காவலர் தோப்புக்குள் வந்து கலயங்களை மோந்து பார்த்து அதட்டியிருக்கிறார். தாத்தா பதற்றமே இல்லாமல் ஓலைப்பட்டை ஒன்றை மடித்துக் கட்டி, நிறையப் பதநீர் ஊற்றி நீட்டினாராம். வெயில் நேரம், அவரும் குடித்துவிட்டார். இன்னொரு பட்டையும் குடித்தார். அது முடிந்ததும் தாத்தா ஒற்றையடிப் பாதையைக் காட்டி, "ஐயா, இப்ப அந்த உடைமரம் வரைக்கும் நேரா நடந்து காட்டுங்க. நீங்க தள்ளாடினா நான் வண்டியில ஏறிக்கிடுதேன்" என்றாராம். அந்தக் காவலர் சிரித்துவிட்டார் என்பது எங்கள் நல்வினை. எல்லோரும் சிரித்திருக்கவில்லை என்பதையும், கலயங்கள் உடைக்கப்பட்ட நாள்களும் உண்டு என்பதையும் ஆச்சி சொல்லித்தான் அறிந்தேன். தாத்தா அந்தக் கதைகளைச் சொன்னதில்லை.

ஆச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாத்தாவே இக்கடிதத்தை ஏற்கமாட்டார். பருவம் வந்தால் குடும்பமே தோப்புக்குள் ஓலை விடிலி கட்டிக் குடியேறிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, காலைமுதல் அடுப்பில் ஏற்றிக் கிண்டிக் கருப்பட்டியாக்குவது பெண்கள் வேலை. எட்டு, பத்து லிட்டர் பதநீர் சுண்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவதும், ஒரு சொட்டு எடுத்து நீரில் விட்டுப் பதம் பார்ப்பதும், சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவதும் ஆச்சியின் கை அறிந்தவை. பங்குனி, சித்திரை வெயிலில் ஓலைக் கூரையின் கீழ் எரியும் அடுப்பின் முன் மணிக்கணக்கில் நிற்பது, ஐம்பது அடி ஏறுவதைவிட எந்த வகையில் குறைவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதுமையில் ஆச்சிக்குக் கண் கலங்கியே இருந்ததற்கு அந்தப் புகைதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். "நான் தண்ணி சுமக்கிற கூலி, அதைக் காசாக்குற முதலாளி அவதான்" என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முதலாளி உடனே, "கூலிக்காரனுக்கு வாய் மட்டும் ஏன் இம்புட்டு நீளம்?" என்பார்.

உண்மையில் அவர்கள் இருவருக்கும் மேலே வேறு முதலாளி இருந்தார். பருவம் தொடங்குமுன் வீட்டில் அரிசி இருக்காது. கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அவர் சொல்லும் விலைக்கே கருப்பட்டியைக் கொடுத்தாக வேண்டும். ஆடியில் கணக்கு முடிக்கும்போது கையில் மிச்சம் நிற்காது. மழைக்காலத்தில் அதே கருப்பட்டி கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து, "நம்ம வீட்டுல இருக்கும்போது இதுக்கு மரியாதை இல்ல, வெளியூர் போனாத்தான் மதிக்கான்" என்பார். சிரிக்கும்படிதான் சொல்வார். பருவம் இல்லாத மாதங்களில் அவர் சும்மா இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். கிணறு வெட்டப் போனார்; வேலி அடைத்தார்; கூரை வேய்ந்தார்; பனைநார் உரித்துக் கட்டில் பின்னினார். புரட்டாசியில் பனங்கொட்டையைப் புதைத்துத் தைப்பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கினார். அவர் பின்னிய கட்டிலில்தான் நான் இப்போதும் படுக்கிறேன். ஒருமுறைகூடத் தொய்ந்ததில்லை.

அவர் எதைப் பற்றியும் நகையாடுவார். மரத்திலிருந்து விழுவதைப் பற்றி மட்டும் நகையாடமாட்டார். ஆனி, ஆடிக் காற்று எங்கள் தேரியில் மணலை வாரி இறைக்கும்; உச்சியில் மரம் ஆடும்; மட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற இரைச்சலில் அடுத்த மரத்துக்காரரின் குரல் கேட்காது. அப்படியொரு ஆனி மாதத்தில் அவரோடு சிறுவயதுமுதல் ஏறிய நண்பர் விழுந்து இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் தாத்தா, நண்பர் ஏறிக்கொண்டிருந்த மரங்களில் ஏறினார். விழுந்த மரத்திலும் ஏறினார். பாளை காய்ந்துபோனால் அந்த வீட்டுக்கு அந்த ஆண்டு வருமானமே இல்லை என்பதுதான் காரணம். தம் மரங்களுக்கு மேல் அந்த மரங்களையும் பருவம் முடியும்வரை ஏறிச் சீவி, பதநீரை நண்பரின் மனைவியிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. தாத்தாவின் துக்கத்துக்கு வந்திருந்த ஒரு முதிய பெண்மணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது; அவர் அந்த நண்பரின் மகள்.

தம் பிள்ளைகள் எவரையும் அவர் மரத்தை நெருங்கவிடவில்லை. பத்து வயதில் என் தந்தை தளைநாரை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, "மேல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு, நீ பள்ளிக்கூடத்துல போயி இடம் பிடி" என்று விரட்டியிருக்கிறார். முன்பணத்துக்கு மேல் கடன் வாங்கித்தான் இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் படிக்கவைத்தார். ஆசிரியர் பயிற்சி முடித்து என் தந்தைக்கு வேலை உத்தரவு வந்த நாளில், அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஞாயித்துக்கிழமை லீவு உண்டுல்லா?" என்பது. உண்டு என்றதும், "அப்ப சம்பளம் குறைச்சலா இருந்தாலும் பரவால்ல" என்றாராம். பனைத்தொழில் அழிகிறது என்று இன்று கவலைப்படும் எங்களைப் போன்ற பேரப்பிள்ளைகள் பலரும், அத்தொழில் தம்மோடு முடியவேண்டும் என்று உறுதிகொண்ட தாத்தாக்களால் ஆளானவர்களே. இந்த முரணை மறைத்துவிட்டு யாரும் பனையைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை.

அறுபத்தெட்டு வயதுவரை ஏறினார். முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் அழைத்துப்போனபோது, மாடிப்படி ஏறக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாத்தா பணிவாகத் தலையாட்டிவிட்டு, "மாடி ஏறமாட்டேன் ஐயா, நம்ம வீடு கூரைவீடுதான். பனை ஏறலாம்லா?" என்றார். ஏறுவதை நிறுத்திய பின் விதை ஊன்றத் தொடங்கினார். தாமாகவே, யாரும் சொல்லாமல், ஆவணியில் விழும் பழத்தின் கொட்டைகளைச் சாக்கில் சேர்த்து ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் ஊன்றி வந்தார். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. பனை பலன்தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால் வந்த பேச்சு. எண்பது வயதில் கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தவரிடம் ஒருவர் அதைச் சொல்லிக் கேலி செய்தார். தாத்தா நிமிர்ந்து, "பார்த்துட்டுச் சாவான்னுதான வே சொல்லியிருக்கு? அப்ப இது வளர்ந்து நான் பாக்கிற வரைக்கும் எமன் வரக்கூடாது. அதுக்குத்தான் வருசாவருசம் புதுசா ஊனுதேன், எல்.ஐ.சி. பிரீமியம் கட்டுற மாதிரி" என்றார். அவர் முதலில் ஊன்றியவற்றில் பல இப்போது பாளை விட்டிருக்கின்றன. பார்த்துவிட்டுத்தான் போனார்.

அரசு பனையை மாநில மரம் என்று அறிவித்திருப்பதையும், 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனைவிதைகளை மானியமாக வழங்க ஒதுக்கீடு செய்ததையும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்ததையும் நாளிதழில் படித்தபோது தாத்தா மகிழ்ந்தார். பனை ஏறும் கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு விருது தரப்படும் என்ற செய்தியை மட்டும் இரண்டு முறை படித்தார். "கருவி ஏறிரும். ஏறின பிறகு பாளையைப் பார்த்து, இன்னைக்கு இதுக்கு எத்தனை நசுக்கு, எவ்வளவு சீவல்னு அதுகிட்டக் கேட்டா சொல்லுமா?" என்றார். இதில் நகைச்சுவை பாதிதான். ஏறுவதற்குக் கருவி வந்தால் உயிர்கள் தப்பும்; வர வேண்டும்; அவருடைய நண்பரும் தப்பியிருப்பார். ஆனால் பாளை சீவும் அறிவு ஒரு தலைமுறையில் கைமாறாமல் போனால் கருவியில் ஏறி உச்சியில் நிற்பவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. தாங்கள் வெளியிட்ட செய்திக்கு அருகில், பதநீர் இறக்கும் தொழிலாளி என்ற குறிப்புடன் இருந்த சிறிய படத்தில் அந்த மனிதர் உண்மையில் நுங்குக் குலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். மரத்தில் ஒரு கலயம்கூட இல்லை. இதைச் சுட்டிக்காட்டுவது குற்றம் சொல்வதற்காக அன்று. இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தவர்கள் எவ்வளவு வேகமாகக் குறைந்துவருகிறார்கள் என்பதற்காகத்தான்.

கலப்படமும் இதோடு சேர்ந்த செய்தி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே வட்டாரத்தில் சீனியைக் காய்ச்சி ஊற்றிய கருப்பட்டியை உணவுப் பாதுகாப்புத் துறையினர் அவ்வப்போது கைப்பற்றுகிறார்கள் என்ற செய்தியும் நாளிதழ்களில் வருகிறது. சீனிக் கருப்பட்டி மலிவு. உண்மையான கருப்பட்டி அதன் அருகில் விலைக்கு நிற்க முடியாது. பிறகு யார் பனை ஏறுவார்கள்? பேத்தி வீட்டில் ஒருமுறை கடைக் கருப்பட்டியில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, மிச்சக் கட்டியை வாங்கி உடைத்துப் பார்த்தார் தாத்தா. உடைந்த இடம் மினுமினுத்தது. "இது பனையைப் பாத்ததே இல்ல. லாரியில வரும்போது பனையைத் தாண்டி வந்திருக்கும், அம்புட்டுத்தான்" என்றார். பேத்தி என்பது நான்தான். வாங்கிய கடை நகரத்தில் பெயர்போன கடை. விலையும் உண்மைக் கருப்பட்டியின் விலைதான்.

பருவத்தில் சாகக்கூடாது என்பது தாத்தாவின் பழைய கொள்கை. பனையேறி ஒருவர் சித்திரையில் இறந்தால் எல்லோரும் மரத்தின் மேல் இருப்பார்கள், தூக்குவதற்கு நாலு பேர் தேறமாட்டார்கள், ஆகவே ஐப்பசி மழையில் சாவதே ஊருக்குச் செய்யும் உதவி என்பார். அவர் கடைசியில் இந்தச் சித்திரையில்தான் இறந்தார். ஆள் பற்றாக்குறை ஏதும் இல்லை. அவர் இளமையில் நூற்றுக்கும் மேற்பட்டவர் பனை ஏறிய ஊரில் இந்தப் பருவத்தில் ஏறுகிறவர்கள் நால்வர். அவர்களில் இளையவருக்கு ஐம்பத்தாறு வயது. அந்த நால்வரும் காலை ஏற்றத்தை முடித்துக்கொண்டு வந்து, அடக்கம் ஆனதும் மாலை ஏற்றத்துக்குப் போய்விட்டார்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா இருந்தால் அவர்களை இன்னும் முன்னதாகவே அனுப்பியிருப்பார்.

அந்த நால்வரையும் விசாரித்ததில், பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் மரத்தின் மேலோ தோப்பிலோ இருக்கிறார்கள். பருவம் முடிந்ததும் கூலி வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். வாரியத்தின் அலுவலர்கள் தை மாதத்திலேயே, பாளை விடுவதற்கு முன், ஊர் ஊராக வந்து பதிவையும் புதுப்பித்தலையும் முடித்துக் கொடுத்தால் விழுந்தவரின் குடும்பம் இழப்பீட்டுக்குக் காகிதம் தேடி அலையவேண்டியதில்லை. முன்பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்களே பருவத்துக்கு முன்னால் கொடுக்குமானால், கருப்பட்டியை ஆடியிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளவேண்டிய நிலை மாறும். விதை ஊன்றும் விழாக்களை நடத்தும் அமைப்புகளும் தங்கள் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்: அந்த ஊரில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்டு, அவரை அழைத்து, விரும்பி வருகிற இளைஞர் இருவருக்கு ஒரு பருவம் முழுவதும் பாளை சீவக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஊதியம் தரலாம். எங்கள் ஊர் நால்வரில் மூவர் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான்காமவர் தமக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமை இல்லை என்று சொல்லிவிட்டார். அவரும் தாத்தாவிடம் தொழில் பழகியவர்தான்.

தங்கள் மாவட்டச் செய்தியாளர் வர விரும்பினால், மாலை ஏற்றம் முடியும் நேரத்துக்கு வந்தால் நால்வரையும் ஒருசேரப் பார்க்கலாம். ஆடி முடிவதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
உடன்குடி வட்டாரத்து வாசகி ஒருவர்
தூத்துக்குடி மாவட்டம்